வள்ளித்தாயும் வலிக்காத காலும்

வள்ளித்தாய் கவலைப்படுவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. காரணம் இல்லாத நாளில், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஒண்ணும் இல்லாம இருக்கே, எங்கயோ என்னமோ நடக்குதுன்னு தோணுது" என்று அதற்கும் கவலைப்படுவாள். இரண்டரை வருஷம் அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. பிறகு பழகிவிட்டது. கடைசியில், அவள் கவலைப்படாமல் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் நானே அவர் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் இடம் சங்கரன்கோவிலில், தேரடியிலிருந்து நாலு தெரு தள்ளி. வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று நடத்துகிற ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் வருகிற புண்ணை எந்த முறையில் கட்டினால் சீக்கிரம் ஆறுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'கால் ஆபீஸ்' என்பார்கள். கால் நோயாளிகளுக்கான இடத்தை முதலில் மாடியில் பிடித்திருந்தார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. வள்ளித்தாய் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு, கீழே இருந்த நூல் குடோனைக் காலி பண்ண வைத்து, எங்களையும் நோயாளிகளையும் இறக்கிவிட்டாள். படியில் யாராவது தவறி விழுந்துவிடுவார்களோ என்று அவளுக்கு ஒரே பதற்றம். யாரும் விழவில்லை. விழுந்த பிறகா இறங்குவார்கள் என்று அவள் கேட்டாள்.

அவள் பிறந்தது திருவேங்கடம். மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல்காட்டுக் குடும்பம். பத்தாவது முடித்ததும் இந்த ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தறிச் சத்தத்தில் பாதி நாள் காது கேட்காத மனிதர். "அவ பொலம்புறதுல பாதிதான் எனக்கு விழும், அதனாலதான் குடும்பம் நடக்குது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். இங்கே வந்து ஒரு தனியார் கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் கூட்டிப் பெருக்கி, ஊசி கழுவி, பிறகு புண் கட்டக் கற்றுக்கொண்டாள். டாக்டர் இறந்துபோய் கிளினிக்கை மூடியபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. இங்கே ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற ஜெபசிங் டாக்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார். புண் ஆறுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று. "கட்டைப் பிரிக்கும்போதே மூக்குக்குத் தெரிஞ்சிரும் டாக்டர்" என்றாள். நர்சிங் படித்துவிட்டு வந்திருந்த நாலு பேர் வெளியே உட்கார்ந்திருக்க, இவளை எடுத்துக்கொண்டார்.

என் வேலை கம்ப்யூட்டரில் பதிவது. பெயர் மாரிக்கண்ணன், வயது ஐம்பது, அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அதனால் அண்ணாச்சி.

மொத்தம் அறுபது நோயாளிகள். ஒவ்வொருவரும் சேரும்போது ஒட்டிய கவர் ஒன்றைப் பிரிப்போம். உள்ளே இருக்கிற சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த வைத்தியம். பாதிப் பேருக்குச் சாதாரணக் கட்டும் மெத்து வைத்த செருப்பும். மற்றவர்களுக்குப் பாதத்திலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு, எலும்பு முறிந்தால் போடுவார்களே அதேதான். நடக்கும்போது உடம்பின் பாரம் புண்ணில் இறங்காமல் கால் முழுக்கப் பரவிவிடும், அதனால் புண் ஆறும் என்பது கணக்கு. வாரம் ஒரு தடவை அந்தக் கட்டை வெட்டி எடுத்து, புண்ணை அளந்து, புதுக்கட்டுப் போடுவோம். பன்னிரண்டு வாரம். கவரைக் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டு, "அவருக்கு மட்டும் ரெண்டாயிரம் ரூவா கட்டு, எனக்குச் செருப்பா?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

ஆராய்ச்சி விதிமுறைப்படி வள்ளித்தாய் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை போனில் விசாரித்தால் போதும். அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை விசாரிப்பாள். காலை ஒன்பது மணிக்கு, சாப்பிட்டியளா. மதியம், வெயில்ல எங்கயும் போனியளா. சாயங்காலம், காய்ச்சல் அடிக்கா, காலு வீங்கியிருக்கா, மணம் எதுவும் வருதா. ஒருத்தர் தன் போனில் அவள் பெயரை 'மாமியார்' என்று பதிந்து வைத்திருந்தார். அவரேதான் ஒரு தடவை குரல் சற்றுத் தாழ்ந்து பேசினார் என்று இவள் டவுன் பஸ் பிடித்து அவர் ஊருக்கே போய்விட்டாள். போனால் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், கால் கெண்டைவரை சிவந்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் கால் தப்பியது. அதற்குப் பிறகு அவரே 'மாமியாரை' எடுத்துவிட்டு 'வள்ளியக்கா' என்று மாற்றிக்கொண்டார்.

காளிராஜ் எங்களிடம் வந்தது போன சித்திரை கடைசியில். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது ஆடு, இரண்டு ஏக்கர் மானாவாரி. ஆட்டுக்குப் பின்னால் போகும்போது உடைமரத்து முள் ஒன்று செருப்பைத் துளைத்து வலது காலின் பெருவிரல் அடியில் ஏறி ஒடிந்திருக்கிறது. மனிதருக்குத் தெரியவே இல்லை. மூன்று நாள் அந்த முள்ளோடு நடந்திருக்கிறார். பாயில் ரத்தக் கறையைப் பார்த்து அவர் மனைவி பேச்சிதான் கண்டுபிடித்தாள். வரும்போது புண் பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் குழிந்து, அடியில் சீழ் கட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் எலும்பு, எலும்பில் ஏறினால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். காளிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆட்டை யாரு பத்திக்கிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டார். பேச்சி வராண்டாவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். வள்ளித்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

முள்ளையும் சீழையும் எடுத்துச் சுத்தம் செய்த பிறகு கவரைப் பிரித்தோம், மாவுக்கட்டு வந்தது. அன்றிலிருந்து வள்ளித்தாய்க்கு இருந்த அறுபது கவலையில் காளிராஜ்தான் முதல் கவலை. ஆட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார் என்று அவளுக்கு நிச்சயம். போன் செய்வதோடு நிற்காமல், பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் என்று நாலு பேரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு உளவு பார்த்தாள். ஆனால் அந்த மனிதர் எல்லோரையும் ஏமாற்றிவிட்டு ஒழுங்காக இருந்தார். ஆட்டை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தார். ஒவ்வொரு செவ்வாயும் பேச்சியோடு சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐந்தாம் வாரம் புண் பாதியானது. ஒன்பதாம் வாரம் கட்டைப் பிரித்து அளந்தபோது மூன்று மில்லிமீட்டர். வள்ளித்தாய் அளவுத்தாளை மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"நல்லாத்தான இருக்கு? பெறகென்ன?" என்றேன்.

"அதான் பயமா இருக்கு அண்ணாச்சி. இம்புட்டு நல்லா ஆறுதுன்னா எங்கயோ இடிக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அது ஆடி மாதம். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பத்தாம் வாரச் செவ்வாய். பத்து மணி ஆயிற்று, காளிராஜ் வரவில்லை. பத்தே காலுக்கு வள்ளித்தாய் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பத்தரைக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். காலையில் முதல் பஸ்ஸுக்கே புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிப் போனார்கள் என்றார் அவர். முதல் பஸ் ஏறினால் ஏழரைக்கே இங்கே வந்திருக்க வேண்டும். பஸ் எங்கேயாவது கவிழ்ந்ததா என்று டிப்போவில் விசாரிக்கச் சொன்னாள். "சும்மா இரு வள்ளி, கூட்டமா இருக்கும், திருவிழாக் காலம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியதைக் கவனித்தேன். சட்டென்று பேச்சியின் எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை எடுத்தார்கள். மேளமும் மணியும் கூட்டத்தின் இரைச்சலும் எனக்கே கேட்டன.

"எக்கா, கோயில்லதான் இருக்கோம்" என்று கத்தினாள் பேச்சி. "அவுக சுத்துதாவ. நீங்க சொன்னதுதான். முடிச்சிட்டு நேரா அங்கதான் வாரோம்."

வள்ளித்தாய் போனை மேஜையில் வைக்கக்கூட இல்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். நானும் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். திருவிழாக் கூட்டத்தில் வண்டியை எடுத்துப் பயனில்லை. ஓட்டமும் நடையுமாகப் போகும்போதுதான் மூச்சுவாங்கச் சொன்னாள். முதல் நாள் வராண்டாவில் பேச்சி அழுதபோது, "கோமதியம்மாளுக்கு ஆடிச்சுத்து நேர்ந்துக்கோ, எல்லாம் சரியாயிரும்" என்று சொன்னது இவள்தானாம்.

"ஒனக்கு மூளை இருக்கா? கால்ல புண்ணு உள்ளவனுக்கா சுத்து நேரச் சொல்லுவாக?" என்று தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"அவ அப்படி அழுதா அண்ணாச்சி. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. அவதான் சுத்துவான்னு நெனைச்சேன். அவுகளச் சுத்த வைப்பான்னு கனவா கண்டேன்?"

வெளியூர்க்காரர்களுக்கு ஆடிச்சுற்று தெரிந்திருக்காது. கொடி ஏறியதும் எங்கள் ஊர்க் கோயிலில் ஜனங்கள் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நேர்ந்துகொண்டபடி நூற்றொன்று, நூற்றெட்டு, சிலர் ஆயிரம்கூட. கோமதியம்மாள் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற நாட்கள் அவை. சுற்றுகிறவர்களின் கால் வலியை அம்மாளே வாங்கிக்கொள்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. நானும் கல்யாணமான புதிதில் நூற்றொன்று சுற்றியிருக்கிறேன். எனக்கு மூன்று நாள் கால் வலித்தது. என் பக்தி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உள்ளே கூட்டம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. பேச்சியைத் தூண் ஓரத்தில் கண்டுபிடித்தோம். மடியில் தீக்குச்சிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, புருஷன் ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்தளத்தில் அங்கங்கே சிவப்பாக ஒரு காசு அகலத்துக்கு ஈரத் தடம். ஒரு பெண் அதைக் குங்குமம் என்று நினைத்துத் தாண்டிப் போனாள்.

"மாவுக்கட்டு எங்க?" என்று நான் கேட்டேன்.

"விடியக்காலம் தொட்டித் தண்ணியில ஊறவச்சு அருவாளால கீறி எடுத்தாவ" என்றாள் பேச்சி, நான் ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டதைப்போல. "அடியில ரப்பர் வச்சிருக்கே அண்ணாச்சி. அதோட எப்படிக் கோயிலுக்குள்ள வர?"

நடக்கும்போது வழுக்காமல் இருக்க மாவுக்கட்டின் அடியில் செருப்புக்கு வைக்கிற மாதிரி ஒரு ரப்பர் துண்டு வைத்து ஒட்டுவோம். நோயாளி தானாகக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மாவுக்கட்டையே போடுகிறோம். அதை ஒரு மனிதன் எதற்காகவெல்லாம் கழற்றக்கூடும் என்று படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து அறுபது பக்கத்துக்கு விதிமுறை எழுதி வைத்திருந்தார்கள். செருப்போடு சாமி கும்பிட மாட்டான் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற வள்ளித்தாய்க்கும் தோன்றவில்லை.

காளிராஜ் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, வேகமாக வந்தார். காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"எம்மா, நீயும் வந்துட்டியா!" என்றார், நிற்காமலே. "எழுவத்தொண்ணு ஆச்சு. ஒரு பொட்டு வலியில்ல, கேட்டியா? பூராவையும் அம்மா வாங்கிக்கிட்டா."

வள்ளித்தாய் அவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். அவர் நிற்கமாட்டார் என்பதால் வேறு வழியில்லை. நான் பின்னால் போனேன். காலைப் பாருங்கள் என்றாள். பார்த்தார், அம்மா பார்த்துக்கொள்வாள் என்றார். மிச்சத்தைப் பேச்சி சுற்றட்டும் என்றாள். என் காலுக்கு நேர்ந்தது, நான்தான் சுற்றணும் என்றார். கெஞ்சினாள், அதட்டினாள், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று பொய் சொன்னாள். கூட வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "சுத்துறவன ஏம்மா மறிக்க? பாதியில விட்டாப் பாவம் ஒனக்குத்தான்" என்று திட்டினார். வள்ளித்தாய் நடந்தபடியே குனிந்து அந்தத் துணியையாவது கட்டிவிடப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் மிதித்துவிட்டார்கள். அழுதுகொண்டே எழுந்து மறுபடி நடந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சிவப்புத் தடம் பெரிதாகிக்கொண்டே போனது. அப்படி ஒன்பது சுற்று. என் ஆயுசில் அத்தனை நீளமான நடை நடந்ததில்லை.

எண்பதாவது சுற்றில் அவர் நடை தள்ளாடியது. முகமெல்லாம் வியர்வை. "என்னமோ கண்ணு..." என்று சொல்லிக்கொண்டே தூணைப் பிடித்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரோ அருள் வந்துவிட்டது என்றார்கள். வள்ளித்தாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலையில மாத்திரை போட்டாகளா?" என்று பேச்சியைப் பார்த்துக் கத்தினாள். விரதம் என்பதால் சாப்பிடவில்லை, ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். அதற்கும் வள்ளித்தாயின் போன்தான் காரணம். எது மறந்தாலும் மாத்திரை மறக்கக் கூடாது என்று பத்து வாரமாகச் சொல்லியிருந்தாளே. பக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் பூஜைத் தட்டில் இருந்த கற்கண்டை அள்ளி அவர் வாயில் திணித்தாள். சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கற்கண்டா என்று கேட்டவரை, "வாய மூடும்வே, சர்க்கரை எறங்கிட்டு!" என்று அவள் போட்ட அதட்டலில் அவர் பின்வாங்கினார். பத்து நிமிஷத்தில் காளிராஜ் கண்ணைத் திறந்தார். நானும் இன்னொருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மீதி இருபத்தெட்டுச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் பேச்சி ஆபீஸுக்கு வந்தாள்.

புண் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகக் கிழிந்திருந்தது. வள்ளித்தாய் கழுவிக் கட்டினாள். ஜெபசிங் டாக்டர் வந்து, எல்லோர் மேலும் கோபப்பட்டு, ரப்பர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. எலும்பில் ஏறிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதத்தை எடுக்க வேண்டுமா என்று நாலு நாள் முடிவாகாமல் கிடந்தது. அந்த நாலு நாளும் வள்ளித்தாய் ஆபீஸில் தண்ணீர்கூடக் குடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டுவாள். கடைசியில் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது.

பதிவில் அவர் பெயருக்கு எதிரே 'ஆறவில்லை' என்று போட வேண்டும். பிறகு காரணம். அதற்கு எண் கொடுத்து வைத்திருப்பார்கள். நாலு என்றால், நோயாளி ஒத்துழைக்கவில்லை. நான் நாலு என்று தட்டினேன். வள்ளித்தாய் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதோடு, உண்மையை எழுதினால் அவள் வேலை போய்விடும் என்கிற பயம் எனக்கும் இருந்தது. அந்த எண்ணைப் பிறகு மாற்றி, நடந்ததை எழுதினோம். அதற்காக இரண்டு பேரும் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆவணி நடுவில் வீடு திரும்பிய காளிராஜைப் பார்க்கப் போனோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. வள்ளித்தாய் தையல் போட்ட இடத்தைப் பார்த்தாள், குனிந்து மோந்து பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். பேச்சி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க வாக்கு பலிச்சிட்டு எக்கா. காலே போயிரும்னுதான் அங்கன சொன்னாவ. அம்மா ரெண்டு விரலோட நிப்பாட்டிட்டா. ஒங்கள நான் சாகுறமட்டும் மறக்கமாட்டேன்."

வள்ளித்தாய் டீயைக் கீழே வைத்தாள்.

"அந்த ரெண்டு விரலுங்கூட, இவுக பாதியில விட்டதுக்குத்தான்" என்றாள் பேச்சி. "என் சுத்து இவுக சுத்துல சேருமா? அதான் அடுத்த ஆடிக்கும் நூத்தெட்டு நேர்ந்திருக்கு. இவுகளே முழுசாச் சுத்திருவாவ."

நான் வள்ளித்தாயைப் பார்த்தேன். இப்போது எழுந்து, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. கும்பிடத்தான் போகிறார்கள். அவள் எழவில்லை.

"பேச்சி, நான் சொன்னதுனாலதான் விரலு போச்சு" என்றாள். "அன்னைக்கு நீ அழுத. எனக்குப் பயமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அதிகம் நடக்கக் கூடாத காலுக்குச் சுத்து நேரச் சொன்னவ நான். பாதியில விட்டதுனால இல்ல, எண்பது சுத்து சுத்துனதுனாலதான் போச்சு."

பேச்சி கையை விட்டுவிட்டாள். "இப்ப வந்து சொல்லுதிய" என்றாள். எழுந்துபோய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"எம்மா, என்ன பேசுத?" என்றார் காளிராஜ். "கல்லுத் தரையில எண்பது சுத்து. வலிச்சிருக்கணும்லா? ஒரு பொட்டு வலியில்லையே."

"ஒங்களுக்கு வலிக்காது அண்ணாச்சி. முள்ளு ஏறி மூணு நாளு கெடந்தப்பவும் வலிக்கலைல்லா? சர்க்கரை நரம்பத் தின்னுட்டு. கால்ல தீய வச்சாலும் ஒங்களுக்குத் தெரியாது."

இந்தச் சீக்கில் அந்த மனிதருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், அந்த வலியில்லாத நடை. அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப என் வலிய அம்மா வாங்கலையா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாது. அம்மாளப் பத்திச் சொல்ல நான் யாரு? ஒங்க காலப் பத்தித்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப இது?" இடது காலை நீட்டினார். முள்ளும் கத்தியும் படாத கால். "இதுக்கு ஒண்ணும் இல்லையே. இது நல்லாத்தான இருக்கு?"

வள்ளித்தாய் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பையிலிருந்து சின்னக் கைப்பிடி வைத்த ஒரு நைலான் நூலை எடுத்தாள். அதைப் பாதத்தில் வைத்து, நூல் வளைகிறவரை அழுத்த வேண்டும். நல்ல காலுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும். எங்களிடம் சேரும்போது எல்லோருக்கும் செய்கிற சோதனைதான். அன்றைக்கு இருந்த கலக்கத்தில் அவர் அதைக் கவனித்திருக்கமாட்டார்.

"கண்ண மூடிக்கிடுங்க. தொடும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் பெருவிரலில் வைத்தாள். நூல் வளைந்தது. மூன்றாம் விரல், கடைசி விரல், விரல்களுக்குக் கீழே வரிசையாக மூன்று இடம், நடுப்பாதத்தில் இரண்டு, குதிகால், மேற்பாதம். மொத்தம் பத்து. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் காத்திருந்தாள். பேச்சி நிலையை விட்டு இரண்டு எட்டு உள்ளே வந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வள்ளித்தாய் நூலை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"ம், தொடு" என்றார் காளிராஜ், கண்ணைத் திறக்காமல். "நான் ரெடியாத்தான் இருக்கேன்."